படிவம் ‘நன்றி’ சொல்கிறது, கடிதம் வந்து சேரவில்லை

வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஆறு, இணையத்தளத்தின் தொடர்புப் படிவம் வழியாக அனுப்பப்படும் செய்தி உரியவரின் மின்னஞ்சற் பெட்டிக்கு ஒழுங்காக வந்து சேராமற் போவதைப் பற்றியவை. திருகோணமலைக் கடல் அமைதியடைந்து பயணிகள் வரத் தொடங்கும் சித்திரையை அண்டி இவ்வகைக் கேள்விகள் குவிவது எனக்குப் புதிதன்று. மாரி முழுவதும் எவரும் நிரப்பாத படிவத்தில் எப்போதோ ஏற்பட்ட பழுது அப்போதுதான் வெளியே தெரியும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றையே இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (உப்புவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் வாசகர்): ஐயா, எங்கள் இணையத்தளத்தில் படிவத்தை நிரப்பி அனுப்பியவுடன் ‘நன்றி, உங்கள் செய்தி அனுப்பப்பட்டது’ என்று வருகிறது. விடுதியின் முகவரியைப் போட்டு நான் சோதித்தபோதெல்லாம் கடிதம் என் ஜிமெயிலுக்கு வந்தது. ஆனால், அறை கேட்டு எழுதியதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்ன இருவரின் கடிதங்கள் ஸ்பாம் பெட்டியிற்கூட இல்லை. இருவருமே யாஹூ முகவரி உடையவர்கள். படிவம் 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. பிழை யாஹூவிடமா, எங்களிடமா?

பதில்: பிழை படிவத்தில்தான் இருக்கிறது, ஆனால் அது எழுதப்பட்ட காலத்தில் எவரும் அதைப் பிழை என்று கருதவில்லை. முதலில் அந்த ‘நன்றி’யின் பொருளைப் பார்ப்போம். படிவத்தின் பின்னாலுள்ள, பி.எச்.பி. என்ற கணினி மொழியில் எழுதிய நிரல், கடிதத்தைத் தன் சேர்வரிலேயே, அதாவது இணையத்தளத்தைத் தாங்கும் கணினியிலேயே, இருக்கும் அஞ்சல் மென்பொருளிடம் கொடுக்கிறது. அந்த மென்பொருள் வாங்கிக்கொண்டால் படிவம் ‘அனுப்பப்பட்டது’ என்று அறிவித்துவிடுகிறது. தபாற்பெட்டிக்குள் கடிதம் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவது போன்றது அது; அதன்பின் கடிதத்துக்கு என்ன நடந்தது என்பது படிவத்துக்குத் தெரியாது.

அதன்பின் நடந்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். பழைய படிவங்கள், பதில் எழுத வசதியாக இருக்கட்டும் என்று, நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் இடத்தில் எழுதிவிடும். அதாவது, உங்கள் இணையத்தளத்துக்கு இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் சேர்வரிலிருந்து புறப்படும் கடிதம், யாஹூவிலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு ஜிமெயிலின் வாசலில் நிற்கும். மின்னஞ்சலை ஏந்திச் செல்லும் எஸ்.எம்.டி.பி. விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது அனுப்புநரின் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இருக்கவில்லை. கடிதவுறையின் பின்புறத்தில் எவர் பெயரையும் எழுதலாம் என்ற நிலைதான். அந்தத் திறந்த வாசலால் மோசடிக் கடிதங்கள் பெருகின. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வந்து தன் அடையாளத்தை நிறுவாத கடிதங்களை ஏற்கவே வேண்டாம் என்ற ஆணையை டீமார்க் என்னும் முறையில் உலகத்துக்கு அறிவித்தது. ஜிமெயில் அந்த ஆணைக்குக் கட்டுப்பட்டு உங்கள் கடிதத்தை வாசலிலேயே திருப்பிவிடுகிறது. உள்ளே வராத கடிதம் ஸ்பாம் பெட்டியில் எப்படி இருக்கும்? விடுதியின் முகவரியைப் போட்டு நீங்கள் சோதித்தபோது பெயரும் சேர்வரும் ஒரே டொமைனைச் சேர்ந்தவையாக (டொமைன் என்பது முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயர்) இருந்தமையால் தடை எழவில்லை. சொந்த முகவரியை மட்டும் போட்டுச் செய்யும் சோதனை இந்தப் பிழையை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது.

திருப்பப்பட்டதற்கான அறிவித்தலாவது வரவேண்டாமா என்று கேட்பீர்கள். வந்துதான் இருக்கும், ஆனால் உங்களுக்கு அல்ல. கடிதத்தின் உள்ளே காணும் அனுப்புநர் பெயர் வேறு, உறையின்மேல் சேர்வர் எழுதும் திருப்பி அனுப்பும் முகவரி வேறு. பங்கிட்டுப் பயன்படுத்தும் ஹோஸ்டிங்கில் இந்த இரண்டாவது முகவரி பெரும்பாலும் ஹோஸ்டிங் கணக்கின் பயனர்பெயரிலேயே அமையும். அந்தப் பெட்டி ஒன்று இருப்பதே உரிமையாளருக்குத் தெரியாது. புறாத்தீவுக்குப் படகு விடும் நண்பர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்து அவருடைய அந்தப் பெட்டியை ஒருநாள் திறந்தோம். திரும்பி வந்த கடிதங்கள் இரண்டு பருவ காலத்துக்கு அடுக்கடுக்காகக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பயணத் திகதி, ஆட்களின் எண்ணிக்கை, ‘விரைவில் பதிலை எதிர்பார்க்கிறோம்’ என்ற வரி. அவர் எதுவும் பேசாமல் எழுந்து தேநீர் ஊற்றப் போய்விட்டார். நீங்களும் ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனல் பக்கத்தில் அப்பெட்டியைத் திறந்து பாருங்கள், ஆனால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு பாருங்கள்.

திருத்தம் எளிது. உங்கள் டொமைனிலேயே படிவத்துக்கென ஒரு முகவரியை உண்டாக்கி, அனுப்புநர் இடத்தில் எப்போதும் அதையே எழுதச் செய்யுங்கள். நிரப்பியவரின் முகவரியை ‘ரிப்ளை-டு’ என்ற வரியில் இடுங்கள். நீங்கள் பதில் பொத்தானை அழுத்தினால் கடிதம் விருந்தினருக்கே போகும். வேர்ட்பிரஸ் மென்பொருளில் கான்டாக்ட் ஃபோர்ம் 7 என்ற செருகியை (கூடுதல் வேலைக்காகச் சேர்க்கும் துணை நிரலை) பயன்படுத்துவோர் ‘மெயில்’ பக்கத்திலுள்ள ‘ஃப்ரம்’ வரியையும் ‘அடிஷனல் ஹெடர்ஸ்’ கட்டத்தையும் பார்த்தால் போதும். வேற்று டொமைன் முகவரியை ‘ஃப்ரம்’ வரியில் எழுதினால் அந்தச் செருகியே எச்சரிக்கும். ஆனால் 2012இல் எழுதிய நிரலை ஒட்டுப்போட்டு வைத்திருப்பதைவிடப் படிவத்தையே புதிதாக மாற்றிவிடுவது நல்லது. அக்காலப் படிவங்களிற் பல, பெயர்க் கட்டத்துக்குள் வரி முறித்து எழுதுவதன் மூலம் பிறருக்கு ஸ்பாம் அனுப்ப இடங்கொடுப்பவை.

கேள்வி (நிலாவெளி வாசகி): எங்கள் படிவக் கடிதங்கள் எல்லாம் ஸ்பாம் பெட்டிக்குப் போகின்றன. எஸ்.பி.எஃப். பதிவு வேண்டும் என்று ஒருவர் சொன்னார், சேர்த்தேன். பிறகு இன்னொருவர் தந்த வரியையும் சேர்த்தேன். நிலைமை முன்னையைவிட மோசமாகிவிட்டது.

பதில்: இரண்டாவது வரிதான் காரணம். உங்கள் டொமைனின் பெயரில் கடிதம் அனுப்ப எந்தச் சேர்வர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் வரியே எஸ்.பி.எஃப். பதிவு; ஒரு டொமைனுக்கு அது ஒன்றே ஒன்று இருக்கவேண்டும். இரண்டு இருந்தால் பெறும் சேர்வர் எதை நம்புவது என்று ஆராய்வதில்லை, முழுவதையும் பிழை என்று தள்ளிவிடும். இரண்டு வரிகளிலும் உள்ள சேர்வர் பெயர்களை ஒரே வரியில் கோத்து, மற்றதை அழித்துவிடுங்கள். அவ்வரியைச் சரிபார்க்கும்போது பெயர் தேடல்கள் பத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு.

ஆனால் எஸ்.பி.எஃப். மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அது சரிபார்ப்பது, மேலே உப்புவெளி வாசகருக்குச் சொன்ன உறை முகவரியைத்தான். உறையில் ஹோஸ்டிங் நிறுவனத்தின் டொமைன் இருந்தால், சோதனையில் தேறுவது அந்த நிறுவனத்தின் பெயர். கடிதத்துள் வாசகர் காணும் உங்கள் பெயருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இதற்கு மருந்து, கடிதம் உங்கள் டொமைனின் பெயரில் வந்ததே என உறுதிசெய்யும் டிக்கிம் என்ற மின் கையொப்பம். சிபேனலில் ‘ஈமெயில் டெலிவரபிலிட்டி’ என்ற பகுதியில் உங்கள் டொமைனுக்கு எதிரே பழுதைச் சொல்லி, சேர்க்கவேண்டிய வரியையும் எடுத்துத் தரும். அவ்வரியை டொமைனின் பெயர்ப்பதிவுகள் எங்கே பராமரிக்கப்படுகின்றனவோ அங்கே சேர்க்கவேண்டும். டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறோரிடத்திலும் வாங்கியவர்கள் சிபேனலில் மட்டும் மாற்றிவிட்டு நாட்கணக்கில் காத்திருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

தேறியதா என்பதை அறிய, வந்த கடிதத்தை ஜிமெயிலில் கணினி வழியாகத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்துங்கள். மேலே எஸ்.பி.எஃப்., டிக்கிம், டீமார்க் என்று வரிகள் இருக்கும், எதிரே ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ என்ற தீர்ப்பு இருக்கும். எஸ்.பி.எஃப். வரியில் ‘பாஸ்’ என்று கண்டு மகிழ்ந்து நின்றுவிடாதீர்கள். டீமார்க் வரியே உங்கள் பெயருக்கான தீர்ப்பு. 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும், பெருந்தொகையாகக் கடிதம் அனுப்புவோருக்கு (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு 5,000 அளவில்) மூன்றையும் கட்டாயமாக்கின. நாளைக்கு நான்கு கடிதம் அனுப்பும் சிறு விடுதிக்குக்கூட எஸ்.பி.எஃப்., டிக்கிம் இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆகவேண்டும் என்பதும் அதே அறிவித்தலில் இருந்தது.

கேள்வி (திருகோணமலை நகரில் தனியார் கல்வி நிலையம் நடத்தும் வாசகர்): எங்கள் மின்னஞ்சலைச் சென்ற மாதம் கூகுள் வேர்க்ஸ்பேஸுக்கு மாற்றினோம். வெளியார் எழுதும் கடிதங்கள் ஒழுங்காக வருகின்றன. எங்கள் படிவக் கடிதங்கள் மட்டும் எங்கள் முகவரிக்கு வருவதில்லை. பெறுநராக என் தனிப்பட்ட ஜிமெயிலைப் போட்டால் உடனே வருகிறது. இது என்ன புதிர்?

பதில்: நீங்கள் வீடு மாறியது உங்கள் ஊர்த் தபாற்கந்தோருக்கு மட்டும் தெரியாது, அவ்வளவுதான். இணையத்தளம் இருக்கும் சேர்வர், ‘இந்த டொமைனின் பெட்டிகள் என்னிடந்தானே இருக்கின்றன’ என்று எண்ணிக் கடிதத்தை வெளியே அனுப்பாமல் தன் பழைய பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறது. சிபேனலில் ‘ஈமெயில் ரூட்டிங்’ என்ற இடத்தில் ‘லோக்கல்’ என்றிருப்பதை ‘ரிமோட்’ என்று மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பழைய பெட்டியைத் திறந்து, ஒரு மாதக் கடிதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு எழுதிய பெற்றோர் அங்கேதான் காத்திருப்பார்கள். எஸ்.பி.எஃப். வரியில் கூகுளோடு உங்கள் ஹோஸ்டிங் சேர்வரின் பெயரும் இருக்கவேண்டும் என்பதையும் மறவாதீர்கள். மாற்றிக் கொடுப்பவர்கள் கூகுளை எழுதிவிட்டுப் பழையதை அழித்துவிடுவார்கள்.

கேள்வி (உவர்மலை வாசகர்): நேற்றுவரை வந்துகொண்டிருந்த படிவக் கடிதங்கள் இன்று ஒன்றும் வரவில்லை. எதையும் மாற்றவில்லை.

பதில்: வேறெதையும் தொடுவதற்கு முன், அந்த ஜிமெயில் பெட்டி நிறைந்துவிட்டதா என்று பாருங்கள். இலவசக் கணக்கின் 15 ஜிகாபைட் இடம் கடிதத்துக்கு மட்டும் உரியதன்று, கூகுள் போட்டோஸில் ஏறும் கலியாணப் படங்களும் திருவிழாக் காணொளிகளும் அதே இடத்தைத்தான் நிரப்புகின்றன. நிறைந்தபின் எவருடைய கடிதமும் உள்ளே வராது. பெட்டியில் இடம் இருந்தால், சிபேனலில் ‘ட்ராக் டெலிவரி’யைத் திறவுங்கள். பெறும் சேர்வர் சொன்ன பதிலின் முதல் இலக்கத்தை மட்டும் வாசித்தாலே பாதி விளங்கிவிடும்: 2 என்றால் ஏற்கப்பட்டது, 4 என்றால் இப்போதைக்கு இல்லை, சேர்வர் தானே மீண்டும் முயலும், 5 என்றால் இல்லவே இல்லை. பட்டியலில் அக்கடிதம் அறவே இல்லையெனில், அது படிவத்தை விட்டே புறப்படவில்லை. பெரும்பாலும், நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் ரீகேப்சாவோ ஸ்பாம் வடிகட்டியோ தடுத்திருக்கும்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): படிவத்தை ஜிமெயிலின் எஸ்.எம்.டி.பி. வழியாக அனுப்பும்படி செருகி ஒன்றை நிறுவி, என் ஜிமெயில் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தேன். பிழை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது.

பதில்: கடவுச்சொல் சரியாக இருப்பதுதான் சிக்கல். வெறுங் கடவுச்சொல்லைக் கொண்டு பிற மென்பொருள்கள் நுழைவதைத் தனிப்பட்ட கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்ட்’ என்ற பகுதியில் கிடைக்கும் 16 எழுத்துச் சொல்லைச் செருகியில் இடுங்கள். துறை எண் (போர்ட்) 587. சேர்வர் இணைப்பே கிடைக்கவில்லை என்றால், ஹோஸ்டிங் நிறுவனம் வெளியே செல்லும் அத்துறையை மூடிவைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆயினும் இம்முறை சிறு இடங்களுக்கே பொருந்தும். நாளொன்றுக்கு 500 என்ற வரம்பு உண்டு. அனுப்புநர் பெயராக உங்கள் டொமைன் முகவரியை எழுதினாலும், அதை ஜிமெயிலில் முன்கூட்டிப் பதிந்து உறுதிசெய்யாவிடின், கூகுள் அதை நீக்கி உங்கள் ஜிமெயில் முகவரியையே எழுதிவிடும். எந்த முறையைத் தெரிவு செய்தாலும், வரும் செய்திகளைத் தரவுத்தளத்தில் ஒரு பிரதி சேமித்து வையுங்கள். கான்டாக்ட் ஃபோர்ம் 7 பயன்படுத்துவோருக்கு ஃப்ளமிங்கோ என்ற இலவசச் செருகி அதைச் செய்யும். கடிதம் தொலைந்தாலும் விருந்தினரின் கேள்வி தொலையாது. என்னைக் கேட்டால், இப்பக்கத்தில் சொன்ன அனைத்துக்கும் முன்னால் செய்யவேண்டியது இதுவே.

கேள்வி (மூதூரில் சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர்): எங்கள் படிவத்தில் தமிழில் எழுதி அனுப்பினால் சில நேரம் வெறும் கேள்விக்குறிகளாகவும், சில நேரம் விளங்காத குறிகளாகவும் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று அறிவித்தல் போடும்படி படிவத்தைச் செய்தவர் கூறுகிறார். வேறு வழியில்லையா?

பதில்: வழி உண்டு, அந்த அறிவித்தலைப் போடவேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு நோய்கள். எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எழுதும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக (கணினியின் சேமிப்பு அலகுகளாக) எழுதப்படும். உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்தால், கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ம, ஊகாரக் குறி, த, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறிகள், ஆக 18 பைட்டுகள். வந்த கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் சரியாக ஆறு கேள்விக்குறிகள் நிற்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நின்றால், தமிழை அறியாத ஒரு பழைய எழுத்து முறைக்கு எங்கோ அது மாற்றப்பட்டு அழிந்துவிட்டது. அதை மீட்க இயலாது. தரவுத்தள அட்டவணை ‘லத்தீன்-1’ என்ற முறையில் இருப்பதே வழக்கமான காரணம், அதை யூ.டி.எஃப்.8-எம்.பி.4 ஆக மாற்றவேண்டும்.

மாறாக, தலையிற் சிறு கோடிட்ட ஆங்கில ‘a’ எழுத்தும் (à) அதனருகே வட்டத்துக்குள் ‘R’ எழுத்தும் (®) மாறி மாறி வந்தால் மகிழுங்கள்; தமிழ் உயிரோடு இருக்கிறது, வாசிக்கும் கண்ணாடிதான் தவறு. கடிதத்தின் தலைப்பகுதியில் ‘கேரக்டர்-செட்’ யூ.டி.எஃப்.-8 என்று படிவம் குறிப்பிடவில்லை, அந்த ஒரு வரியைச் சேர்த்தால் தீரும். ஏற்கெனவே வந்தவற்றைத் திரையிலிருந்து பிரதி எடுத்து மீட்க முயலாதீர்கள்: புள்ளியின் மூன்றாவது பைட்டு, பழைய விண்டோஸ் எழுத்து அட்டவணையில் வெற்றிடமாக விடப்பட்ட ஐந்து இடங்களில் ஒன்றில் விழுகிறது, ஆகவே பிரதி எடுக்கையில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் மட்டும் உதிர்ந்துபோகலாம். ‘ஷோ ஒரிஜினல்’ பக்கத்திலிருந்து மூலக் கோப்பைத் தரவிறக்கினால் புள்ளியும் பத்திரமாக இருக்கும்.

பொருள் வரி (சப்ஜெக்ட்) மட்டும் உடைந்து வருமானால் அது மூன்றாவது நோய். மின்னஞ்சலின் தலைப்பு வரிகளில் தமிழை நேரடியாக எழுதாமல் பேஸ்-64 போன்ற குறிமுறையில் துண்டு துண்டாக எழுதுவதே நெடுங்கால வழக்கம். ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக்கூடாது. முன்னொட்டும் பின்னொட்டும் போக, ஒரு துண்டுக்குள் அடங்கும் தமிழ்க் குறிகள் பதினைந்துதான். ‘நூலக உறுப்பினர் விண்ணப்பம்’ என்ற தலைப்புக்கே இரண்டு துண்டுகள் வேண்டும். கையால் எழுதிய நிரல்கள் பைட்டை எண்ணி நடு எழுத்தில் வெட்டிவிடும், அந்த இடத்தில் கறுப்பு வைரக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி தோன்றும். இதைத் திருத்த உட்காராதீர்கள்; பி.எச்.பி.மெயிலர் என்ற இலவச நூலகம் இவ்வேலையை ஒழுங்காகச் செய்கிறது, படிவத்தைச் செய்தவரிடம் அதனைப் பயன்படுத்தி, ‘கேரக்டர்-செட்’டை யூ.டி.எஃப்.-8 என்று அமைக்கச் சொல்லுங்கள். செய்து முடித்ததும் சோதனைக்கு ‘வணக்கம்’ என்று மட்டும் எழுதி அனுப்பித் திருப்தியடையாமல், நிலையத்தின் முழுப் பெயரையும் பொருள் வரியில் எழுதி அனுப்பிப் பாருங்கள்.